மின்னூல் தளங்களின் காப்பும் புதுக்கமும்

தென்காசி விசுவநாதர் திருக்கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், அதற்குப் பின்னாளில் குறை நேரின் அதனை நீக்கிக் காப்பார் யாவராயினும் அவரைத் தான் பணிவதாகக் கல்வெட்டுப் பாடலில் மொழிந்துள்ளான். எடுப்பித்தவனே பழுதையும் எண்ணியது வியத்தற்குரியது. பொருள்நோக்கின்றிப் பலர் கூடி நடத்தும் மின்னூல் தளங்களுக்கும் இவ்வெண்ணம் தொடக்கத்திலேயே வேண்டும் என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியை மதுரைத் திட்டத்தின் வாயிலாக இன்று எந்நாட்டினரும் கட்டணமின்றிப் படிக்கலாம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராயிருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முதலியோர் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய திட்டம் அது. அன்பர்கள் தட்டெழுதி மெய்ப்பு நோக்கிய நூல்கள், இரவும் பகலும் ஓயாது இயங்கும் வழங்கி, அதாவது சர்வர் எனப்படும் கணிப்பொறியில் இருத்தல் வேண்டும். அதற்கு வாடகையும், தளத்தின் பெயருக்குத் தனிக் கட்டணமும் உண்டு. பெயர்ப்பதிவைக் காலத்தில் புதுப்பியாவிடின், நூல்கள் நன்னிலையில் இருப்பினும் படிப்போர் அவற்றை அடைய வழியின்றிப் போகும்.

வழங்கியின் அளவு யாது? குற்றாலச் சாரற்காலக் கூட்டத்தைக் கொண்டு ஆண்டு முழுதுக்கும் விடுதி கட்டுவாரில்லை. எழுத்து வடிவ நூல்கள் சிற்றிடத்தில் அடங்கும். 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் போலப் பக்கங்களைப் படமாகச் சேமிக்கும் தளங்களுக்கே இடம் மிகுதியும் வேண்டும்.

புதுக்கத்தின் அருமை பொறியினும் எழுத்திலேயே உள்ளது. மதுரைத் திட்டத்தில் முதற்கண் இணைமதி, மயிலை முதலிய எழுத்துருக்கள் வழங்கின. பின்னர்த் தஸ்கியும், அதன்பின் யூனிகோடும் வந்தன. ‘தமிழ்’ என்னும் சொல் தஸ்கியில் 4 பைட்டில் அடங்கும். இன்று பெருவழக்கான யூ.டி.எப்.-8 வடிவில் அதற்கு 15 பைட்டு வேண்டும். இடப்பெருக்கம் பெரிதன்று. ‘கொ’ என்பதைத் தஸ்கி கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பதியும்; யூனிகோடோ ககரத்தை முன்வைத்து உயிர்க்குறியைப் பின்வைக்கும். மாற்றும் நிரல் இவ்வேறுபாட்டில் பிழைப்பின் செய்யுட்சொல் சிதையும். அச்சிதைவு பாடபேதமெனப் பின்னோரை மயக்கவும் கூடும்! ஆதலின், புதிய வழங்கியில் நூல்களை ஏற்றி ஒப்புநோக்கிய பின்னரே தளப்பெயரை அதற்குத் திருப்புதல் வேண்டும். பழைய கோப்புகளை அதன்பின்னும் அழித்தலாகாது.

இலவச இடத்தை மட்டும் நம்புதல் தகாது. தமிழன்பர் பலரும் பக்கம் அமைத்திருந்த ஜியோசிட்டீசை யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடிற்று. மதுரைத் திட்டமோ, முகப்புக் குறிப்பைச் சிதைக்காது எவரும் நூலைப் படியெடுத்துப் பரப்பலாம் என இசைந்துள்ளது. ஏடு பெயர்த்தெழுதிக் காத்த மரபினர்க்கு இது புதிதன்று. எனினும் பிறர் படி வைத்திருப்பர் எனத் தளத்தார் வாளாவிருத்தல் கூடாது. தம் படியொன்றை வேறோர் ஊரில் வைத்து, ஆண்டுக்கொரு முறையேனும் அதனைத் திறந்து நோக்குதல் வேண்டும். கடவுச்சொல்லையும் பெயர்ப்பதிவையும் ஒருவர் கையிலன்றி இருவர் மூவர் கையில் வைத்தல் நலம்; அவருள் ஒருவரேனும் இளையராயிருப்பாராக.