மாரடைப்பு வந்தவர் மறுபடி மூட்டை தூக்கலாமா?

தர்மபுரி,

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியவரிடம் சொந்தக்காரர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "அசையாம படுங்க" என்பதுதான். தண்ணீர் சொம்பை கூட தூக்க விட மாட்டார்கள். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி கூடை சுமந்தவருக்கும், பென்னாகரத்தில் இருந்து பெங்களூருக்கு கட்டிட வேலைக்கு போனவருக்கும் இதே கதிதான்.

2, 3 மாதம் கழித்து எழுந்து நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் நடுங்குகிறது. இதயம் போச்சு, இனி கூலி வேலை அவ்வளவுதான் என்று குடும்பமே முடிவு கட்டி விடுகிறது. ஆனால் பல பேருக்கு போனது இதயத்தின் பலம் மட்டும் அல்ல. கால் சதையும்தான்.

3 வார படுக்கை

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966-ம் ஆண்டு, ஆரோக்கியமான வாலிபர்கள் 5 பேரை டாக்டர்கள் 3 வாரம் படுக்கையிலேயே வைத்து சோதித்தனர். உழைக்கும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்து விட்டது. 30 வருடம் கழித்து அதே 5 பேரையும் மறுபடி சோதித்தனர். 30 வருட வயது செய்த சேதத்தை விட, அந்த 3 வாரம் செய்த சேதம்தான் அதிகம் என தெரிந்தது! நோய் இல்லாத வாலிபருக்கே இப்படி என்றால், மாரடைப்பு வந்தவருக்கு சொல்லவா வேண்டும்?

பம்பு செட் நன்றாக ஓடினாலும் வயல் தண்ணீரை இழுக்க வேண்டும் அல்லவா? அதே மாதிரிதான். சதை மெலிந்து விட்டால் ரத்தத்தில் வரும் ஆக்சிஜனை சரியாக எடுக்க முடியாது. சின்ன வேலைக்கும் இதயம் படபடவென அடிக்க வேண்டியுள்ளது.

இந்தியா உள்பட 17 நாடுகளில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேரின் கைப்பிடி பலத்தை அளந்த ஆய்வு 2015-ல் வெளியானது. பிடி பலம் 5 கிலோ குறைந்தவர்களிடம் சாவு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதற்காக கையை மட்டும் இறுக்கி பழகினால் போதும் என்று அர்த்தம் இல்லை. பிடி என்பது மொத்த உடம்பின் பலத்துக்கு ஒரு அடையாளம்.

எப்படி தொடங்குவது?

டாக்டரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம். எக்கோ, டிரெட்மில் பார்ப்பார்கள். 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்றும் அளப்பார்கள். பிறகு சமதரையில் 5, 10 நிமிட நடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச்சு திணறினால் வேகம் அதிகம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது கால் சதைக்கு நல்ல பயிற்சி. அதன் பிறகே லேசான எடை.

மூட்டை விஷயம் வேறு. மூச்சை பிடித்து தம் கட்டி தூக்கும்போது ரத்த அழுத்தம் ஜிவ்வென்று ஏறும். பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு கூட 2, 3 மாதம் ஆகும், அதுவரை கனமாக எதையும் தொடக்கூடாது. மற்றவர்களும் சோதனையில் தேறிய பிறகு, பாதி எடையில் இருந்துதான் ஏற வேண்டும். சிலருக்கு டாக்டர் வேண்டாம் என்றே சொல்லலாம். அப்போது வேறு வேலை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய மக்களை தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் வசதியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

பயிற்சியின்போது நெஞ்சு வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே நிறுத்தி உட்கார வேண்டும். வலி நிற்காவிட்டால் பஸ்சுக்கு காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.