கோபுர யாத்திரை – 14: மணிக்கூண்டும் ஒரு மெட்டும்

இந்த வாரம் மலேசியாவின் ஈப்போ நகர மணிக்கூண்டில் தீட்டியிருக்கும் 44 உருவங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவதாக வாக்களித்திருந்தேன். அந்த வாக்குக்கு இடையூறாக ஒரு மெட்டு வந்து சேர்ந்துவிட்டது.

ரயில் நிலையத்துக்கு அணித்தே, நகர மண்டபத்தின் பின்புறம், மாநிலப் பள்ளிவாசலைப் பார்த்தபடி நிற்கும் அந்த மணிக்கூண்டு, பேராக் மாநிலத்தின் முதல் ஆங்கில ரெசிடென்டான (சுல்தானுக்கு ஆலோசகரான ஆங்கில அதிகாரி) ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச்சின் ஞாபகார்த்தமாக, அவருடைய மகன் எர்னஸ்ட் பர்ச் அதே பதவியில் வீற்றிருந்த காலத்தில், 1909இல் திறக்கப்பட்டது. விசுவாசம், நீதி, பொறுமை, மனோதிடம் என்ற நான்கு குணங்களும் ஆங்கில ஆட்சியின் லட்சணங்களென்று காட்டச் சுடுமண்ணில் நான்கு பிரதிமைகள் செய்து வைத்தார்கள். குணங்கள் இன்னும் நிற்கின்றன. பர்ச்சின் மார்பளவுச் சிலை இருந்த மாடம் மட்டும் வெறுமையாயிருக்கிறது. நான் போன அன்று அதன் விளிம்பில் ஒரு புறா உட்கார்ந்து, நெடுநாள் குடியிருப்பவனைப் போல் என்னை அலட்சியமாகப் பார்த்தது.

வரி வசூலிக்கும் உரிமையை மலாய்த் தலைவர்களின் கையிலிருந்து பறித்து, அதற்கான அறிவிப்புகளையும் ஊரூராக ஒட்டச் செய்த பர்ச், 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில், பேராக் ஆற்றில் மிதந்த குளியலறைக்குள் நீராடிக்கொண்டிருந்தபோது ஈட்டியால் குத்துண்டு மாண்டார். அதற்காக மலாய்த் தலைவர்களான டத்தோ மகாராஜா லேலாவையும் டத்தோ சாகோரையும் 1877 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். இன்று மணிக்கூண்டு நிற்கும் வீதியின் பெயர் என்ன? டத்தோ சாகோர் சாலை! மகாராஜா லேலாவின் பெயர் பூண்ட சாலையும் பக்கத்திலேயே ஓடுகிறது. பர்ச்சின் ஸ்மாரகத்துக்கு வழி கேட்பவன், அவரைக் கொன்றவர்களின் பெயரைச் சொல்லித்தான் கேட்டாக வேண்டும்.

என்னை ஆட்கொண்ட செய்தி இதுவன்று. அக்கொலையின் பழி பேராக்கின் சுல்தான் அப்துல்லாவின் மேலும் விழ, ஆங்கிலேயர் அவரை இந்து மகா சமுத்திரத்தின் நடுவே சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினர். பெராங்ஜே என்ற பிரெஞ்சுக் கவிஞரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் ஒரு மெட்டு அத்தீவில் அந்நாளில் பிரசித்தம். அதைச் சுல்தானின் குடும்பத்தார் கேட்டுப் பழகினார்கள். பின்னொரு நாள் லண்டனுக்குச் சென்ற பேராக் சுல்தானிடம், உங்கள் ராஜ்யத்தின் கீதம் எது என்று வினவியபோது, இல்லையென்று சொல்ல நாணிய உடன்சென்றவர் ஒருவர் நினைவிலிருந்த இந்த மெட்டையே முனகிக் காட்டிவிட்டார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. எப்படி வந்ததாயினும் அது பேராக்கின் கீதமாயிற்று. 'தெராங் புலான்' என்ற காதல் பாட்டாகி நாடகக் கொட்டகைகளிலும் உலவிற்று. மலாயாவின் சுதந்திரம் நெருங்கியபோது தேசிய கீதத்துக்காக உலகளாவிய போட்டி வைத்து, 514 மெட்டுகள் வந்தும் ஒன்றும் மனத்துக்கு ஒவ்வாமற்போக, 1957 ஆகஸ்டில் அந்நாளைய முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு பேராக்கின் மெட்டையே தேர்ந்தது. அதுதான் 'நெகாராகூ'!

ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், பால் வாளிகளின் ஓசை நின்று வெயில் ஏறும் வேளையில், கொடிக்கம்பத்தின் முன் விறைத்து நின்று அதைப் பாடிய காலத்தில், நானோ, ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குத் தண்டவாளத் துண்டை அடித்து நேரம் சொன்ன எங்கள் தண்டலோ, அது ஒரு குளியலறைக் கொலையின் வழியாகக் கடல் கடந்து வந்ததென்று கனவிலும் நினைத்ததில்லை. சென்ற சனிக்கிழமை மணிக்கூண்டின் அடியில் நின்று அம்மெட்டை மெல்ல முனகிப் பார்த்தேன். அருகே தே தாரிக் அருந்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், பழக்கத்தால் எழுந்து நின்றுவிட்டார்.

ஆசிரியர் ஒதுக்கிய பக்கம் தீர்ந்தது. 44 உருவங்களில் ஒன்றின் மேல் பிற்காலத்தில் சாயம் பூசி மறைத்திருக்கிறார்கள். அது யாருடையது, ஏன் மறைத்தார்கள் என்பதெல்லாம் அடுத்த வாரம்.