பார்மேட் பண்ணும் முன் ஒரு நிமிஷம்!



போன ஐப்பசி மாசம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டது. அதை எழுப்புவதற்குள் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லலாமே என்றுதான் இந்தக் கட்டுரை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் படியுங்கள். மாமா வீட்டிலோ, ஜெராக்ஸ் கடையிலோ ஒருநாள் உதவும்.

நடந்தது என்ன?

எங்கள் வீட்டில் இருப்பது அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். பாலிடெக்னிக் படிக்கும் எங்கள் அண்ணன் மதுரைக்குப் போய் மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்து மாட்டியது. அதில் விண்டோஸ் போட்டிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று திரையில் எழுதியிருந்தது. நாங்கள் அணைக்கவில்லை. ஆனால் மழைக்குக் கரண்ட் போய்விட்டதே! யூ.பி.எஸ். இருக்கிறது, ஆனால் அதன் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. அது எங்கள் தப்புதான்.

கரண்ட் வந்ததும் ஸ்விட்சைப் போட்டோம். விண்டோஸ் படம் வருது, புள்ளிகள் வட்டமாச் சுத்துது, உடனே நீலத் திரை வருது, தானாவே அணைஞ்சு மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்குது. பத்து தடவைக்கு மேல் இப்படியே.

அண்ணன் ஹாஸ்டலில் இருந்தது. அப்பா பெட்டியைச் சாக்கில் சுற்றி டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். கடைக்கார அண்ணன் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "பார்மேட் அடிச்சாத்தாண்ணே சரியாகும்" என்றார்.

"அண்ணே, உள்ள இருக்கிற போட்டோ, வீடியோ எல்லாம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் போயிரும் பாப்பா."

எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. எங்கள் அப்பத்தா போன தை மாசம் இறந்துபோனாங்க. தம்பியைத் தொட்டிலில் போட்டு அவங்க தாலாட்டுப் பாடுகிற வீடியோ ஒன்று இருக்கிறது. அப்பத்தா குரல் எங்களிடம் இருப்பது அதில் மட்டும்தான். பழைய போனை விற்கும்போது அப்பா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தார். வேறு எங்கேயும் கிடையாது.

"வேணாம்ப்பா, வீட்டுக்கே கொண்டுபோயிரலாம்" என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சாக்கை எடுத்தார்.

டீச்சர் சொன்ன சூத்திரம்

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "ஸ்விட்ச் போட்டதுக்கு அப்புறம் எந்த இடத்துல நிக்குது? நிக்கிற இடத்தைப் பாத்தாத்தான் நோய் என்னன்னு தெரியும்." பிறகு கம்ப்யூட்டர் எப்படி விழிக்கிறது என்று விளக்கினாங்க. அதை நம் பள்ளிக்கூடம் காலையில் தொடங்குவதோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன்.

1. கேட் திறப்பது: எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. ஃபேன் சுற்றவே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் இங்கேதான்.

2. வருகைப்பதிவு: மதர்போர்டில் ஒரு சிப்பில் பயாஸ் என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது. புதிய போர்டுகளில் யூ.இ.எஃப்.ஐ. என்பார்கள். ராம் வந்தாச்சா, டிஸ்ப்ளே வந்தாச்சா என்று அது ஆஜர் எடுக்கும். ஃபேன் சுற்றியும் திரை இருட்டாகவே இருந்தால், அல்லது பீப் பீப் என்று கத்தினால், முதலில் ராமைப் பார்க்க வேண்டும்.

3. வகுப்பறைச் சாவி: எந்த டிஸ்கில் விண்டோஸ் இருக்கிறது என்று பயாஸ் தேடும். டிஸ்க் இல்லை என்று செய்தி வந்தால் ஒயர் கழன்றிருக்கலாம், டிஸ்க் கெட்டிருக்கலாம், பயாஸ் செட்டிங் மாறியிருக்கலாம்.

4. ஆசிரியர்கள் வகுப்புக்குப் போவது: விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களும் ஏறும். விண்டோஸ் படம் வந்த பிறகு நீலத் திரை வந்தால் பெரும்பாலும் தடங்கல் இங்கேதான்.

5. பாடம் தொடங்குவது: பாஸ்வேர்டு கேட்கும் திரை.

எங்களுடையது நாலாவது இடத்தில் நின்றது. அப்படியென்றால் ராம் உயிரோடு இருக்கிறது, டிஸ்க்கும் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ்தான் எழுந்திருக்க முடியாமல் தவிக்கிறது. வீடியோ அதே டிஸ்கில் பத்திரமாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

டிரைவர் என்றால் யார்?

பஸ் ஓட்டுகிறவர் இல்லை! கம்ப்யூட்டரில் உள்ள ஒவ்வொரு பாகத்தோடும் விண்டோஸ் பேசுவதற்கு உதவும் மென்பொருள்தான் டிரைவர். கம்பெனி கம்ப்யூட்டரில் எல்லாப் பாகங்களையும் ஒரே கம்பெனி சேர்த்துச் சோதித்து அனுப்பும். அசெம்பிள் கம்ப்யூட்டரில் போர்டு ஒரு கம்பெனி, டிஸ்ப்ளே கார்டு ஒரு கம்பெனி. அவை ஒத்துப்போவதை மாட்டுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்டேட் என்பது தலைமையாசிரியர் புது டைம் டேபிள் போடுவது மாதிரி. எல்லாரும் புதுசுக்கு மாறிவிட்டார்கள், ஒரு சார் மட்டும் பழைய டைம் டேபிளோடு வந்து நின்றால்? வகுப்பில் குழப்பம்தான்! பழைய டிரைவர் ஒத்துப்போகாவிட்டாலும் இப்படித்தான். எங்கள் வீட்டில் நடந்தது அதைவிட மோசம். பாதி டைம் டேபிள் எழுதும்போதே கரண்ட் போய்விட்டது.

நாங்கள் செய்தது

அண்ணன் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். அப்பா டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

1. பென் டிரைவ், பிரிண்டர் என்று கூடுதலாகச் செருகியிருந்ததை எல்லாம் கழற்றினோம். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மட்டும் போதும்.

2. விண்டோஸ் படம் வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தோம். இப்படி அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைபட்டால், விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். இதை விளையாட்டுக்குச் செய்யாதீர்கள், வேறு வழி இல்லாதபோது மட்டும்தான்.

3. அந்தத் திரையில் டிரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுத்தோம். கால் மணி நேரம் ஓடி, முடியவில்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுவாத, இன்னும் வழி இருக்கு" என்றது அண்ணன்.

4. அதே இடத்தில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று இருக்கிறது. கடைசியாக வந்த குவாலிட்டி அப்டேட்டை நீக்கு என்று கொடுத்தோம். வெகுநேரம் சுற்றியது. பிறகு ரீஸ்டார்ட்.

பாஸ்வேர்டு கேட்கும் திரை வந்தது!

இதுவும் கேட்காவிட்டால் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிஸ்டம் ரிஸ்டோர். முன்னால் சேமித்து வைத்த ஒரு நாளின் நிலைக்கு விண்டோஸ் திரும்பும், நம் போட்டோக்களைத் தொடாது. மற்றொன்று சேஃப் மோடு. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4-ஐ அழுத்தினால், மிக அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும். வம்பு செய்கிற டிரைவரை அங்கிருந்து நீக்கலாம். சில கம்ப்யூட்டரில் டிஸ்கைப் பூட்டி வைத்திருப்பார்கள். அதில் 48 இலக்க எண் ஒன்று கேட்கும். அதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

எதுவுமே கேட்காவிட்டாலும் டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, வேண்டியதை நகல் எடுக்கலாம். பார்மேட் அதற்கும் அப்புறம்தான்.

உலகமே நின்ற நாள்

நம் வீட்டில் மட்டும்தான் இப்படியா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் ரத்தாயின. ஐதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸை நம் சுவர் இதழ் மாதிரி கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

அவ்வளவையும் பார்மேட் செய்தா சரிசெய்தார்கள்? இல்லை. சேஃப் மோடில் போய் அந்தத் தவறான கோப்பை மட்டும் நீக்கச் சொன்னார்கள். பெரிய நோய் மாதிரி தெரிந்தாலும் முள் ஒன்றுதான்.

செய்யக் கூடாதவை

* அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்தி வைக்கக் கூடாது. திருடர்கள் நுழையும் ஓட்டைகளை அடைப்பதும் அதுதான். மழை நேரத்தில் தொடங்காமல் இருந்தால் போதும்.

* பிளக்கைப் பிடுங்காமல் பெட்டிக்குள் கை வைக்கக் கூடாது.

* எஸ்.எம்.பி.எஸ்.ஸை நாமே திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

* நீலத் திரையில் வரும் பிழைக் குறிப்பை எழுதாமல் விடக் கூடாது. டாக்டரிடம் சீட்டுக் கொண்டுபோவது மாதிரி அது.

முடிவாக ஒன்று

கம்ப்யூட்டர் திறந்ததும் நாங்கள் முதலில் அந்த வீடியோவைத்தான் போட்டோம். அப்பத்தா பாட ஆரம்பித்ததும் அப்பா டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே நின்றார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாங்க. பிறகு வீடியோவை இரண்டு பென் டிரைவில் ஏற்றினோம். ஒன்று எங்கள் பீரோவில், ஒன்று அத்தை வீட்டில். அடுத்த வாரம் யூ.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி போட்டு அதே அப்டேட்டை மறுபடி ஓடவிட்டோம். ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.

தோழர்களே, கடைக்கார அண்ணன் கெட்டவர் இல்லை. பார்மேட் அடித்தால் அவருக்கு வேலை சீக்கிரம் முடியும், கம்ப்யூட்டரும் ஓடும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத்தானே தெரியும்? அதனால் கேளுங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இன்றைக்கே, கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே, முக்கியமானதை நகல் எடுத்து வையுங்கள்.

பதறாத காரியம் சிதறாது!



ஒன்பதாம் வகுப்பு மாணவி