விபத்தில் அடிபட்டதும் ‘பேசி முடிக்க’ அவசரப்படாதீங்க!

மோட்டார் சைக்கிள் மோதி கால் எலும்பு முறிந்து விடுகிறது. “கேசு வேணாம்ணே, 5 ஆயிரம் தர்றேன்” என்று மோதியவர் கெஞ்சுவார். கூலி வேலைக்கு போகிறவர் வாங்கிக்கொள்வார். ஆபரேஷன் செலவை கேட்ட பிறகுதான் தலையில் கை வைப்பார்.

இதில் கிரிமினல் வழக்கு வேறு, நஷ்டஈடு வேறு.

கவனக்குறைவாக வண்டி ஓட்டி எலும்பை முறித்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 125(பி) பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. உயிரே போனால் 106(1) பிரிவில் 5 ஆண்டு வரை ஜெயில். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள்தான். எனவே டிரைவர் பயந்து ஓடாமல், அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து போலீசில் சொல்ல வேண்டும்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் நஷ்டஈட்டை அந்த கம்பெனிதான் தரும். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் நஷ்டஈடு கேட்கலாம்.

அடிபட்டவர் கவனிக்க வேண்டியது:

* ஆஸ்பத்திரி விபத்து பதிவேட்டில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மோதியவருக்காக ‘வழுக்கி விழுந்தேன்’ என்று மாற்றி சொன்னால், பின்னாடி அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

* போலீசில் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கு அது இலவசம்.

* விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனு போட்டு விடுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100-க்கு போன் போடுங்க.