உங்களுக்குத் தெரியுமா? நோயைக் காட்டிக்கொடுக்கும் நரம்புத் துடிப்பு

● வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்துபோன சில வாரங்களுக்குள் இரண்டு கால்களும் மரத்து, பலமிழந்து, அந்தத் தளர்ச்சி நாளுக்கு நாள் மேலேறினால் அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம். கிருமியை விரட்டக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி சொந்த நரம்புகளையே தாக்குவதால் வருவது இது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்கே வரும் இந்த நோய், 2025 தொடக்கத்தில் புனேயில் ஒரே நேரத்தில் பலரைப் படுக்கவைத்தது.

● 1916-ல் இரண்டு படைவீரர்களிடம் இந்த நோயைக் கண்டு எழுதியவர்கள் பிரெஞ்சு மருத்துவர்கள் கில்லன், பாரே, ஸ்ட்ரோல். தசைகளின் அனிச்சைத் துடிப்பைக் கருவியில் பதிவுசெய்தவர் ஸ்ட்ரோல். நோயின் பெயரில் அவர் பெயர் மட்டும் நிலைக்கவில்லை.

● இந்த நோயைக் கண்டறிய உதவும் நரம்புக் கடத்தல் பரிசோதனையில் மணிக்கட்டில் சுருக்கென்று சிறு மின்துடிப்பு கொடுப்பார்கள். கட்டைவிரல் தானாகத் துள்ளும். திரையில் அலை எழும். நலமான கை நரம்பில் துடிப்பு நொடிக்குச் சுமார் 50 மீட்டருக்கு மேல் ஓடும். நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைந்தால் அது தாமதமாகும். சில இடங்களில் அடைபட்டும் போகும்.

● முதல் சில நாட்களில் இந்த வேகம் சரியாகவே இருக்கலாம். ஆனால் தண்டுவடம் வரை போய்த் திரும்பும் எஃப் அலையும் எச் அனிச்சையும் அப்போதே மறைந்திருக்கக்கூடும். முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேர்கள் சீக்கிரமே பாதிக்கப்படுவதுதான் காரணம்.

● சர்க்கரை நோயில் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் பாதத்தில் தொடங்கும். கில்லன் பாரே நோயிலோ கையின் உணர்வு நரம்பு மங்கியிருக்கும்போது, வெளிக்கணுக்கால் பக்கம் ஓடும் சூரல் நரம்பு தெளிவாகப் பதில் தருவதுண்டு. மருத்துவருக்கு அது வலுவான தடயம்.

● முதல் வாரத்தில் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. இந்த நோயின் இன்னொரு தடயமான, முதுகுத் தண்டு நீரில் புரதம் கூடுவதும் அப்போது தெரியாமல் போகலாம். அறிகுறிகள் பொருந்தினால் மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். தேவைப்பட்டால் ஓரிரு வாரங்களில் பரிசோதனையைத் திரும்பச் செய்வார்கள்.

● இம்யூனோகுளோபுலின் மருந்தை முதல் 2 வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. பிளாஸ்மா மாற்றமும் சீக்கிரம் செய்தால்தான் அதிகப் பலன். ஸ்டீராய்டு மாத்திரைகள் இதற்கு உதவாது. நான்கைந்து பேரில் ஒருவருக்கு வென்டிலேட்டர் வரை தேவைப்படலாம். அதனால் தளர்ச்சி மேலேறும்போதே, மூச்சு வாங்கும்வரை காத்திராமல், நரம்பியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.