பேட்டரி மாற்றியும் வண்டி கிளம்பவில்லையா?

திண்டிவனம் நேரு வீதியிலும் விழுப்புரம் எம்.ஜி. சாலையிலும் கடை நடத்தும் நம் வணிகர்களில் பலர் சொந்தமாகக் காரோ, வேனோ, சிறு சரக்கு வண்டியோ வைத்திருக்கிறார்கள். ஞாயிறு முழுக்க வண்டி நிற்கிறது. திங்கள் விடியற்காலை சரக்கெடுக்கப் புறப்பட்டால் ‘டக்’ என்ற சத்தத்தோடு சரி. தள்ளிக் கிளப்புவதும், சார்ஜ் போடுவதுமாக நாலு வாரம் போனபின் புது பேட்டரி வாங்குகிறார்கள். சில மாதங்களில் அதுவும் படுத்துவிடுகிறது.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பேட்டரிக்கே வயதாகியிருக்கலாம், ஓடும்போது சார்ஜ் ஏறாமல் இருக்கலாம், நிற்கும்போது எங்கோ கரண்ட் கசியலாம். கல்லாவில் பணம் குறைந்தால் வரவு செலவைப் பார்ப்போமே தவிர, கல்லாப்பெட்டியை மாற்றமாட்டோம். இங்கும் அதே கணக்குதான்.

முதலில் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், நம் கடையிலேயே இருக்கும் ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்துக் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகடிவ் முதலில். மாட்டும்போது நெகடிவ் கடைசியில். அருகே பீடி, சிகரெட் கூடாது. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கக் கூடியது.

அடுத்து ஒரு சாதாரண மல்டிமீட்டர் வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், கிளப்புவதற்கு முன் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் டைனமோ பெல்ட்டையும், டைனமோவையும், அதன் ஒயரையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பேட்டரிக் கடைக்குப் போக வேண்டாம்.

சார்ஜ் சரியாக ஏறியும் காலையில் இறங்கியிருந்தால், ஓர் இரவு நெகடிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். காலையில் மாட்டியதும் நன்றாகக் கிளம்பினால் குற்றவாளி கசிவு. அப்போதும் கிளம்பவில்லையென்றால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

கசிவுதான் ஏமாற்றுக்காரன். 5 வாட் உள்விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தால் நாளொன்றுக்கு 10 ஆம்பியர் மணி போய்விடும். 35 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றரை நாளில் காலி. பின்னால் பொருத்திய ஸ்டீரியோ, ஹாரன் ரிலே, ஜி.பி.எஸ். கருவி, டைனமோவில் கெட்டுப்போன டயோடு எல்லாமே இதைச் செய்யும். மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, கழற்றிய நெகடிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே இணைத்தால் கசிவின் அளவு தெரியும். புது வண்டிகளில் அரைமணி காத்திருந்து பார்க்க வேண்டும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதிகமென்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் அளவு விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டர் போய்விடும், ஜாக்கிரதை!

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் ஒயர் இணைப்புகளுக்குள் பச்சை பூத்து, பல மாதம் கழித்தும் கசிவு தலைகாட்டலாம். பழைய வண்டி வாங்குவோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கோளாறே இல்லாமலும் இறங்குவதுண்டு. கடைக்கும் குடோனுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் ஓடி, பத்துத் தடவை நிறுத்திக் கிளப்பினால், செலவான சார்ஜ் திரும்ப ஏற நேரமே கிடைப்பதில்லை. பாதி சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். நம் ஊர் வெயிலும் ஆயுளைக் குறைக்கும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒருமுறை ஓடி வருவது நல்லதுதான். ஆனால் அடியோடு இறங்கியதை அது நிரப்பாது. இரவு முழுக்க சார்ஜரில் போட வேண்டும். மூடி திறக்கும் வகையாக இருந்தால் பேட்டரி வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், கேன் தண்ணீர் வேண்டாம்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் தேதியிட்ட பில்லும் வாரண்டி கார்டும் வாங்கி வையுங்கள். பழையதைத் தெருவில் எடைக்கு உடைப்பவரிடம் போடாதீர்கள். ஈயம் குழந்தைகளுக்குக் கொடிய நஞ்சு. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற வழி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, அதன் விலையைப் பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.