நத்தாரின் பெயர் யாருக்குச் சொந்தம்?

மார்கழி பிறக்குமுன்னரே எமது கிராமங்களில் நத்தார் வியாபாரம் தொடங்கிவிடுகின்றது. மகளிர் குழுக்கள் கேக், மெழுகுதிரி, வாழ்த்து மடல் எனப் பலவற்றைச் செய்து விற்கின்றன. பொருளின் தரத்தைப் போலவே அதன் பெயரும் லேபலும் கவனத்துக்குரியவை.

ஒருவரின் பொருளை மற்றவரின் பொருளிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமே வியாபாரக் குறி. அது சொல்லாகவோ படமாகவோ இருக்கலாம். அப்படியானால், பண்டிகையின் பெயரையே ஒருவர் தமதாக்கிக்கொள்ளலாமா?

அமெரிக்காவில் இக்கேள்வி எழுந்தது. பாடகி மரியா கேரியின் கம்பனி, 'நத்தார் அரசி' என்று பொருள்படும் 'குவீன் ஒப் கிறிஸ்மஸ்' என்னும் பட்டத்தை வியாபாரக் குறியாகப் பதியுமாறு 2021 இல் விண்ணப்பித்தது. பாடல்களுக்கு மட்டுமல்ல, வாசனைத் திரவியம், நாய்களுக்கான உடை போன்றவற்றுக்கும் உரிமை கேட்டது. நத்தார்ப் பாடல்களையே பாடிவரும் எலிசபெத் சான், நத்தார் எல்லோருக்கும் பொதுவானது என்று 2022 இல் ஆட்சேபித்தார். கம்பனி பதிலளிக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் விண்ணப்பம் தள்ளுபடியானது. ஒருவர் துணிந்து ஆட்சேபித்ததே அதைத் தடுத்தது.

எமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகின்றது. பொருளின் வகை, தரம், உற்பத்தியான இடம், காலம் என்பவற்றை மட்டும் கூறும் சொற்களை வியாபாரக் குறியாகப் பதிய முடியாது. ஆகவே 'நத்தார் கேக்' என்று எவரும் லேபலில் எழுதலாம். ஏற்கப்படும் விண்ணப்பம் வர்த்தமானியில் வெளியாகும். ஆட்சேபிக்க மூன்று மாத அவகாசம் உண்டு. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும், பின்னர் புதுப்பிக்கலாம்.

குழுக்கள் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. பிரபல கம்பனியின் பெயரையோ கார்ட்டூன் உருவத்தையோ அனுமதியின்றி லேபலில் போடாதீர்கள். பண்டிகை முடிந்தாலும் வழக்கு முடியாது.

2. 'நத்தார்' என்ற பொதுப் பெயருடன் உங்களுக்கே உரிய ஒரு பெயரையும் சேருங்கள். அதுவே உங்களை அடையாளங்காட்டும். அதே போன்ற குறி ஏற்கெனவே பதியப்பட்டுள்ளதா என்பதைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் முதலில் தேடிப் பாருங்கள்.

3. பதிவுபெற்ற சங்கமாயின், குறியைச் சங்கத்தின் பெயரிலேயே பதியுங்கள். உங்கள் கேக்கை மொத்தமாக வாங்கும் வியாபாரி அப்பெயரைத் தமது பெயரில் பதிந்துவிட்டால், பல வருட உழைப்பால் வந்த நற்பெயர் அவர் கைக்குப் போய்விடக் கூடும். அதை மீட்பதற்கு வழக்குச் செலவு வேண்டும்.

பண்டிகை எல்லோருக்கும் பொது. எமது உழைப்பின் பெயரை நாமே காத்துக்கொள்ள வேண்டும்.